சாம்பியின் தாவல்

மலைச்சரிவில் சாம்பி என்றொரு வரையாடு இருந்தது. அதன் நெஞ்சு ஒழுங்காக அடிக்காது. நன்றாக அடித்துக்கொண்டே வந்து திடீரென்று ஒரு துடிப்பை விழுங்கிவிடும். பிறகு படபடவென்று அடித்துக்கொள்ளும். இன்றோடு கதை முடிந்தது என்று ஒவ்வொரு முறையும் சாம்பி நடுங்கும்.

கோடையில் அந்தச் சரிவு காய்ந்துபோனது. மந்தை பாறைப் பிளவைத் தாண்டி மேலே போய்விட்டது. சாம்பி மட்டும் விளிம்பில் நின்றது.

"நீ அங்கேயே இரு அக்கா. தாவும்போது நெஞ்சு நின்னுட்டா என்ன பண்றது? மழை வந்ததும் நாங்களே திரும்பி வந்துடுறோம்" என்று தங்கை செம்பி எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தியது.

நெஞ்சு அடங்கட்டும் என்று சாம்பி காத்திருந்தது. அடங்கும், தாவ நினைத்ததுமே மறுபடி தடுமாறும். பொழுது சாய்ந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. சாம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீ சரியாகிறதுக்குள்ள நான் பட்டினியிலேயே செத்துடுவேன். எப்படி வேணும்னாலும் அடிச்சுக்கோ, போ!" என்று தன் நெஞ்சிடம் சொல்லிவிட்டுத் தாவியது.

குளம்புகள் எதிர்ப்பாறையை இறுகப் பற்றின.

செம்பி ஓடிவந்தது. "இப்ப நெஞ்சு சரியாயிடுச்சா அக்கா?"

"எங்கே! இன்னும் தாறுமாறாத்தான் அடிக்குது" என்றது சாம்பி, வாய் நிறையப் புல்லை மென்றபடி. "நீ கொஞ்சம் தள்ளி நில்லு. அடுத்த பிளவை நான்தான் முதல்ல தாண்டப்போறேன்."