கட்டற்ற குல்லா

அந்த மலைக்காட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் எல்லாப் பொந்து வாசலிலும் ஒரு கம்பளிக் குல்லா இருக்கும். கிறிஸ்துமஸ் தாத்தா வைத்துவிட்டுப் போனதாக மிருகங்கள் நம்பின. பின்னி வைத்தது உண்மையில் முள்ளம்பன்றிதான். பின்னும் முறையையும் மரப்பட்டையில் எழுதி, யார் வேண்டுமானாலும் பின்னலாம், மாற்றலாம் என்று ஒரு மரத்தில் மாட்டியிருந்தது. பின்னத்தான் யாரும் வரவில்லை. தாத்தாவுக்குப் புகார்க் கடிதங்கள் மட்டும் மரத்தடியில் குவிந்தன. அவற்றையும் முள்ளம்பன்றியே படித்துத் திருத்தங்கள் செய்தது.

இந்த வருஷம் அதற்குக் கை வீங்கிவிட்டது. குல்லா இல்லை என்றதும் மரத்தடியில் கூட்டம் கூடியது.

"தாத்தா நம்மளக் கைவிட்டுட்டாரு," என்றது கரடி.

முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை. "தாத்தான்னு யாரும் வர்றதில்ல. இத்தனை வருஷமும் நான்தான் பின்னினேன்."

சொல்லிவிட்டு, ஒரு நன்றியாவது வரும் என்று காத்திருந்தது.

"அப்போ என் குல்லா காதை இறுக்குச்சே, அது உன் வேலைதானா?" என்றது கரடி. அதன் பின்னால் நரி, முயல், குரங்கு என்று வரிசை நீண்டது.

முள்ளம்பன்றி முதுகிலிருந்து இரண்டு முள்ளை உருவி நீட்டியது. "ஊசி இந்தாங்க. நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தரேன்."

கரடிக்குத் திடீரென்று வீட்டு வேலை நினைவுக்கு வந்தது. மற்றவற்றுக்கும் வந்தது. மூஞ்சூறு மட்டும் முள்ளை வாங்கிக்கொண்டு, "முதல் கண்ணி எப்படிப் போடணும்?" என்று உட்கார்ந்தது.

போகிற போக்கில் கரடி நரியிடம் புலம்பியது முள்ளம்பன்றியின் காதில் விழுந்தது.

"முன்ன மாதிரி இல்லப்பா. நம்ம சமூகத்துல சுயநலம் பெருத்துப்போச்சு."