ட்ரிகரின் எடை

பிப்ரவரி பதினாறு, ஞாயிறு. துப்பாக்கியைக் கைமாற்றும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டாள்.

சின்னத் தவறுதான்.

அறுநூறு மீட்டர் சுடுவதற்குக் கிளப்பில் இருப்பது ஒரே துப்பாக்கி. அவளுக்கும் புஷ்பகலாவுக்கும் அதுதான். ஒருவர் எழுந்து மற்றவர் பாயில் படுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். ஸ்கோப் எந்த எண்ணில் நிற்கிறது. காற்று எந்தப் பக்கம். வேறு எதையாவது தொட்டோமா.

முதல் இரண்டையும் சொன்னாள்.

போன வாரம் முழுக்க இணையத்தில் ஓர் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்தின் முதல் வரிசைக்காரர்கள் எதை வைத்துச் சுடுகிறார்கள் என்று. என்ன பேரல், என்ன ஸ்கோப், என்ன கட்டை, எவ்வளவு கனம். வரிசை வரிசையாக, அவளால் வாங்கவே முடியாத பொருள்கள்.

ஒன்றை மட்டும் வாங்க வேண்டியதில்லை. ட்ரிகரின் எடை. அவர்களுக்கெல்லாம் விரல் பட்டால் போதும். கிளப் துப்பாக்கியில் ஒரு கிலோ கனத்துக்கு இழுக்க வேண்டும்.

அதைக் குறைக்க ஒரு திருகு. திருக ஓர் ஆலன் கீ.

சனிக்கிழமை துப்பாக்கியைத் துடைக்கும்போது திருகைத் தளர்த்தினாள். இன்று காலை, குண்டு போடாமல் இழுத்து இழுத்து விரலைப் பழக்கினாள்.

அந்த முதல் வரிசையில் ஒருவர்கூடத் தன் துப்பாக்கியை இன்னொருவருக்குக் கொடுப்பவர் இல்லை. அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

தன் முறையில் நன்றாகச் சுட்டாள். இதுவரை சுடாத அளவுக்கு நன்றாக.

அடுத்து புஷ்பகலா படுத்தார். பிரசவத்துக்குப் பிறகு அவருக்கு இதுதான் முதல் தேர்வு. மாநில அணியில் மிச்சம் இருப்பது ஓர் இடம். இருவரில் ஒருவருக்கு.

கன்னத்தை வைத்தார். மூச்சை விட்டார். காற்றுக்கொடி தாழட்டும் என்று விரலை ட்ரிகர் மேல் சாய்த்துக் காத்திருந்தார். எப்போதும் அப்படித்தான் காத்திருப்பார்.

வெடித்தது.

இலக்குக்கு வெகு முன்னால் புழுதி எழுந்தது.

"ஓணான் ஏதும் செத்துக் கெடக்கா, போய்ப் பாருங்கடே." பின்னால் யாரோ. சிரிப்பு.

புஷ்பகலா சிரிக்கவில்லை. தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"ஏட்டி, ட்ரிகரத் தொட்டியா?"

"இல்லக்கா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

தானாக இல்லை. பயிற்சியாளர் அருமைநாயகம் சார் பக்கத்தில் நிற்கிறாரா என்று பார்த்தாள். நின்றார். அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

புஷ்பகலா நம்பினார். அவள் சொன்னால் நம்புவார்.

மிச்சக் குண்டுகளைப் பயந்த விரலோடு சுட்டார். ட்ரிகரைத் தொடவே தயங்கினார். தொட்டபோது நேரம் தப்பியிருந்தது. கொடி எழுந்திருந்தது.

பாயைச் சுருட்டும்போதுதான் பேசினார்.

"ஒங்கையில ஒழுங்கா சுடுது. எங்கையில துள்ளுது. அப்ப கோளாறு எங்கிட்டதாம்ட்டி. பிள்ளையத் தூக்கித் தூக்கி வெரலு மரத்துப்போச்சு."

அவள் பாயின் மறுமுனையைப் பிடித்திருந்தாள். விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

"ஒழுங்காப் பிடி பிள்ள. அணிக்குப் போறவ இப்படியா நிப்ப?"

சாரிடம் போய்த் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். இந்தத் தேர்வுக்கு மட்டும் இல்லை. இனிமேல் எதற்கும்.

"அவசரப்படாதம்மா" என்றார் சார்.

"குண்டு போன எடத்த நானும் பாத்தேம்லா சார்."

புஷ்பகலாவின் ஸ்கூட்டர் மண்பாதையில் போய் மறைந்தது.

எல்லாரும் போனபின் துப்பாக்கியைத் துடைத்துப் பூட்டும் வேலை அவளுடையது. ஜெயித்தவர் துடைக்க வேண்டும். அது கிளப் வழக்கம்.

பேரலைத் துடைத்தாள். ஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைத்தாள். கட்டையில் புஷ்பகலாவின் கன்னம் பட்ட இடத்தில் வியர்வையும் முகப் பவுடரும் படிந்திருந்தன. அதில் துணியை வைத்துவிட்டு எடுத்தாள்.

ஆலன் கீ சட்டைப்பையில் இருந்தது.

திருகை ஒரு சுற்று இறுக்கினால் போதும். ட்ரிகர் பழையபடி ஒரு கிலோ ஆகிவிடும். தளர்த்திய தடமே இருக்காது. யார் எப்போது சோதித்தாலும் துப்பாக்கியில் குறை இருக்காது.

குறை புஷ்பகலாவின் விரலில் இருக்கும். அவர் சாகும் வரை இருக்கும்.

கீயைத் திருகில் பொருத்தினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

வெளியே காவலாளி கதவைத் தட்டினார். "முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது அண்ணே."

கீயை எடுத்தாள்.

திருகு இருந்தபடியே இருந்தது. துப்பாக்கியை அலமாரியில் நிறுத்திப் பூட்டினாள். சாவியை ஆபீஸில் கொடுத்தாள்.

பிப்ரவரி பதினேழு, திங்கள். காலையில் முதல் வேலையாகப் புஷ்பகலா அக்கா வீட்டுக்குப் போய் அவரைக் கிளப்புக்கு அழைத்து வர வேண்டும். வரமாட்டேன் என்பார். குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டாவது அழைத்து வர வேண்டும். சாரையும் கூப்பிட்டு நிறுத்தி, குண்டில்லாத துப்பாக்கியின் ட்ரிகரில் அரைக் கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட வேண்டும். ஒரு கிலோ கேட்க வேண்டிய ட்ரிகர் அதிலேயே விழுவதை இருவரும் பார்க்க வேண்டும்.