டீச்சர் போட்ட ஜடை

சவூதிப் பாலைவனத்தில், ஒட்டகப் பண்ணைகளுக்கு நடுவே இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள், ஒரே டீச்சர். அந்த டீச்சர் மீதுதான் நாகஜோதிக்கு வயிற்றெரிச்சல்.

“இப்படி வேணாம். டீச்சர் போடுற மாதிரி ஜடை போடு” என்றாள் பாப்பா.

“பொறந்ததுல இருந்து நான்தான பின்னுறேன்? இப்பக் கசக்குதாக்கும்!”

“டீச்சர் கை மெத்துனு இருக்கு.”

நாகஜோதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீப்பை வீசிவிட்டு எழுந்தாள்.

அன்று மதியம் டீச்சரே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பண்ணை வீட்டுக்கு வந்தாள். பாப்பாவின் முழங்காலில் கட்டு.

“விளையாடும்போது விழுந்துட்டா. அம்மா வேணும்னு ஒரே அழுகை. நான் தூக்கியும் அடங்கல.”

பாப்பா தாவி வந்து நாகஜோதியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுகை நின்றது. நாகஜோதி டீச்சரைப் பெருமையாகப் பார்த்தாள்.

“நீங்கதான் அம்மாவா?” என்றாள் டீச்சர்.

“அம்மா நான். இவ எங்க வீட்டு வேலைக்காரி” என்றபடி உள்ளிருந்து வந்தாள் மேடம், நாகஜோதியை வேலைக்கு வைத்திருந்த கபீலின் மனைவி.

அவள் கைகளை நீட்டினாள். பாப்பா திரும்பவே இல்லை. மேடத்தின் முகம் சுண்டிப்போனது.

“கலாஸ், போதும். இந்த மாசத்தோட நீ ஊருக்குப் போயிடு.”

கழுத்தை இறுக்கியிருந்த சின்னக் கைகளை நாகஜோதியே மெல்லப் பிரித்து, பாப்பாவை மேடத்திடம் கொடுத்தாள்.