சொட்டுக்குக் காவல்

ஆய்வகக்காரர் தாளைப் பார்த்து, "பதினாலு" என்றார்.

எண்ணெயில் துகள் அறுபது வரை இருக்கலாம். அதைத் தாண்டினால்தான் கெட்ட எண்ணெய்.

யாரிசெல் தலை நிமிரவில்லை. மேசை மேல் இருந்த பாட்டிலின் சீட்டில் அவள் கையெழுத்து இருந்தது. கொலோன் துறையில் கப்பல்களுக்கு ஏற்றும் எண்ணெயில் மாதிரி எடுத்து, பாட்டிலில் அடைத்து, முத்திரை வைப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

எதிரே சீஃப் இன்ஜினியர் லெமூஸ் உட்கார்ந்திருந்தார். அந்தப் பாட்டிலை நம்பித்தான் வால்பரைசோவிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தார்.

மூன்று வாரத்துக்கு முன்பு அவர் கப்பல் நடுக்கடலில் நின்றுவிட்டது. எண்ணெயில் மணல் மாதிரித் துகள் கலந்திருந்தது, அதுதான் பம்புகளை அரைத்துத் தின்றுவிட்டது என்றார் அவர். இயந்திரத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள் என்றது கப்பல் கம்பெனி. எண்ணெய் கெட்டதென்றால் அவருக்கு வேலை இருக்கும். நல்லதென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அப்ப கிளம்பலாமா?" என்றான் எண்ணெய் விற்ற கம்பெனியின் ஆள். "இந்த ஏசில என் மீசையே உறைஞ்சு போச்சு. கரிமன்யோலா சுட்டு விக்கிறவ கடையக் கட்டிட்டான்னா இன்னிக்கு நான் பட்டினி."

ஆய்வகக்காரர் சிரிக்கவில்லை. கடைசித் தாளை லெமூஸ் பக்கம் தள்ளினார்.

"மாதிரி எடுத்த விதத்துல குறை இருந்தா இப்பவே எழுதிடுங்க, சீஃப். குறை இருந்துச்சுன்னா இந்தப் பாட்டில் செல்லாது."

யாரிசெல் அப்போதுதான் நிமிர்ந்து லெமூஸைப் பார்த்தாள்.

அவர் கப்பலுக்கு எண்ணெய் ஏற்றிய அன்று அவளுக்குக் காய்ச்சல். குழாயின் வாயில் பொருத்திய ஊசி வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கேனில் விழும். முதல் சொட்டிலிருந்து கடைசிச் சொட்டு வரை, எட்டு மணி நேரம், மாதிரி எடுப்பவள் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. மூன்றாவது மணி நேரத்தில் அவள் கம்பியைப் பிடித்தபடியே சரிந்தாள்.

லெமூஸ்தான் தாங்கிப் பிடித்தார். தன் அறைக்குக் கூட்டிப் போய்ப் படுக்க வைத்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் விழித்து ஓடி வந்தபோது எண்ணெய் ஏற்றி முடியும் நேரம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கேனுக்கு மேலே விரித்துப் பிடித்தபடி, தெப்பமாக நனைந்து நின்றிருந்தார்.

அதை இப்போது எழுதினால் போதும். ஒரே ஒரு வரி. அவளுடைய உரிமம் போகும். அவருடைய வேலை தப்பும்.

லெமூஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை முழுக்கப் படித்தார். 'குறை எதுவும் இல்லை' என்று எழுதினார். எழுத்துகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையுடையவை போல ஒழுங்காக இருந்தன. கீழே கையெழுத்துப் போட்டார்.

வெளியே நடையில் அவள் அவரைப் பிடித்தாள்.

"ஏன் சீஃப் எழுதல? நான் அங்க நிக்கலையே."

"நீ நின்னா என்ன, நான் நின்னா என்ன?" அவர் அவள் தோளில் தட்டினார். "அஞ்சு மணி நேரம்மா. ஒரு சொட்டு வெளியில சிந்தல. ஒரு துளி மழைத்தண்ணி உள்ள போகல. அப்படிப் பிடிச்ச எண்ணெயே நல்ல எண்ணெய்னு சொல்லுதுன்னா, தப்பு என் பக்கம்தான். வயசாகுதில்ல? எங்கயோ கோட்டை விட்டிருக்கேன்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"இதுக்கு எதுக்கு அழற, கிறுக்கி? உன் வேலைய நீ சரியாத்தான் செஞ்சே. வீட்டுக்குப் போ."

அவர் படியிறங்கிப் போனார். ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைத் தொட்டுத் தொட்டு இறங்கினார். அவர் கண்ணை விட்டு மறையும் வரை அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அந்த மழை நாளில் கேன்கள் இரண்டு இருந்தன.

அவள் காத்த கேன் நிரம்பியதும் லெமூஸ் அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு, வேறொன்றைப் பொருத்தியிருந்தார். இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிய பிறகுதான் பாட்டிலில் ஊற்ற வேண்டும். கப்பலுக்கு எண்ணெய் கொண்டு வரும் படகின் அடியில் தங்கிய மண்டி கடைசியில்தான் ஏறும் என்பது இந்த வேலையில் யாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

கீழே அவளைக் கரைக்குக் கூட்டிப் போக வந்த லாஞ்சுப் படகுக்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். அவளுக்குத் தலை சுற்றியது. பாட்டில்கள் நிரம்ப முதல் கேனே போதுமானதாக இருந்தது; அதிலிருந்து மட்டும் ஊற்றினாள்.

அவர் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள், அவர் மழையில் நின்று நிரப்பிய கேனை அவள் கழிவுத் தொட்டியில் கவிழ்த்திருந்தாள்.