பிள்ளை இல்லாத ஒரு வாரம்

பிள்ளை அணைக்காமல் விட்ட விளக்குகளையெல்லாம் அணைத்த பிறகே பிரிஸ்பேனில் மெர்வின் உறங்குவார். ஃபிஜியின் கடற்கரை விடுதிக்கு வந்தும் அவர் கை கைபேசியையே தேடியது.

“சும்மா இரு. பிள்ளைத் தொல்லை வேணாம்னுதானே வந்தோம்?” என்றாள் மனைவி கிளெண்டா.

“சாப்பிட்டானோ என்னவோ.”

“பசிச்சா அடுப்பைத் தேடுவான்” என்றது தாயுள்ளம்.

விடுதி மேலாளர் லித்தியாவுக்குப் பொறுக்கவில்லை. “பிள்ளையைத் தனியா விட்டுட்டா வந்தீங்க? நீங்கல்லாம் பெத்தவங்களா?” என்று கைபேசியை வாங்கி வீட்டுக்கு அழைத்தாள்.

கரகரத்த ஆண்குரல் கேட்டது. “அம்மா, வாஷிங் மெஷினை எப்படிப் போடுறது?”

“நீங்க யாரு? குழந்தை எங்கே?”

“எந்தக் குழந்தை? வீட்டுல நான் மட்டும்தான். வர்ற மாசம் எனக்கே நாற்பது முடியுது.”

லித்தியா இருவரிடமும் மன்னிப்புக் கேட்டு இளநீர் வெட்டித் தந்தாள். அவர்கள் ஊர் திரும்பும்வரை அந்தக் கைபேசியைத் தன் அலமாரியிலேயே பூட்டி வைத்தாள்.