எட்டில் ஒரு பங்கு

குடிமறப்புக் குழுவில் எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டை இருந்தது. ஒருவருக்கு வருகிற நடுக்கமும் வலியும் பிரிந்து எல்லாருக்கும் போய்ச் சேரும். தாசையன் தொண்ணூறு நாளாகக் குடிக்காமல் தாக்குப்பிடித்தது அதனால்தான். அன்று எட்டாவது ஆளாகப் பட்டை கட்டி உட்கார்ந்தவன் வேலாண்டி. போதையில் லாரியை ஏற்றித் தாசையனின் மகளைக் கொன்றவன்.

தாசையன் பாய்ந்து அவன் மூக்கில் குத்தினான். ரத்தம் கொட்டியது. வட்டமாக உட்கார்ந்திருந்த எல்லாரும் "அம்மா" என்றார்கள். தாசையனின் மூக்கும் விண்ணென்றது. வேலாண்டி லேசாக முகம் சுளித்ததோடு சரி.

"இன்னும் அடிக்கணும்னா அடிச்சிரு தம்பி. நாங்க பங்கு வாங்கிக்கிடுதோம்" என்றாள் ரெஜினா அக்கா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"இவனுக்கு வலிக்கவே மாட்டேங்குதேக்கா!"

வேலாண்டி தன் பட்டையைக் கழற்றிக் கீழே வைத்தான். "இப்ப அடிங்கண்ணே. முழுசும் எனக்குத்தான்."

தாசையன் கையை ஓங்கினான். அதற்குள் குடியை விட்ட நடுக்கம் மொத்தமும் வேலாண்டி மேல் இறங்கியது. நாற்காலியோடு சரிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தலை தரையில் மோத மோதத் துடித்தான்.

"லேசுல செத்துருவியால நீ?" என்று வைதபடி, ஓங்கிய கையாலேயே தாசையன் பட்டையை எடுத்து அவன் மணிக்கட்டில் இறுக்கினான்.

எட்டுப் பேரின் கைகளும் ஒன்றாக உதறத் தொடங்கின.