யோகா மேட்டுக்கு வந்த வெயில்

புனிதா வாங்கி வந்த நாளிலிருந்து பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சுருண்டே கிடந்தது யோகா மேட். பக்கத்தில் ஒரு இரும்பு டம்பெல்.

"நாளைக்குக் கண்டிப்பா ஆரம்பிச்சிடுவா, பாரு" என்றது மேட்.

"ஏழு மாசமா இதையேதான் சொல்றே" என்றது டம்பெல். "உனக்கு நம்பிக்கை ஏறுது, எனக்குத் துரு ஏறுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் புனிதா இரண்டையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். மேட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "சூரிய நமஸ்காரம்தான்! வெயிலைப் பாரேன்!" என்று முதுகு நிமிர விரிந்து படுத்தது.

அதன்மேல் அவள் ஒரு பழைய வேட்டியை விரித்தாள். காற்றில் பறக்காமல் இருக்க மூலையில் டம்பெல்லை வைத்தாள். பிறகு கீழே போய்ப் பாத்திரம் நிறையக் கூழ் கொண்டுவந்து, செல்போன் வீடியோவைப் பார்த்துப் பார்த்து வற்றல் பிழிய ஆரம்பித்தாள்.

"என் மேல வத்தலா!" மேட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதே. வேட்டி நனைஞ்சா வத்தல் காயாது" என்றது டம்பெல்.

புனிதா குனிந்து நிமிர்ந்து நூறு வற்றல் பிழிந்தாள். காக்கை வந்தபோதெல்லாம் கையை வீசிக்கொண்டு மாடியைச் சுற்றி ஓடினாள். தண்ணீரை மறந்து, குடையை மறந்து, மூன்று மாடியையும் நாலு தடவை இறங்கி ஏறினாள். கடைசியில் வேர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து தோழிக்குப் போன் போட்டாள்.

"எங்கேடி, இந்த வத்தல் வேலையில இன்னிக்கும் எக்சர்சைஸ் பண்ண நேரமே கிடைக்கல. நாளைக்குக் கண்டிப்பா ஆரம்பிச்சிடணும்."

மேட்டின் முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டியா?" என்றது டம்பெல்லிடம். "நான்தான் சொன்னேன்ல!"